கிராண்டில் எட்டு, இரும்பில் மூன்று

எங்கள் தொழிலுக்கு வண்டி ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. வண்டிக்கு அடியில் படுக்கத் தெரிந்தால் போதும்.

சுங்கைப்பட்டாணியில் வண்டிப் பத்திர வேலை செய்யும் ஒரு கடையில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். பதிவுப் பத்திரத்தை இங்கே எல்லோரும் கிராண்ட் என்போம். நிறம், இருக்கை எண்ணிக்கை, சேசிஸ் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். டவுனுக்கு லேசில் வராத வயல் டிராக்டர், மலைக்காட்டு ஜீப் இவற்றைத் தேடிப் போய், கிராண்டில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தைவிட எண்ணில்தான் எனக்கு நம்பிக்கை. ஆட்களிடம் பேசக் கூச்சம் வேறு. வண்டிக்கு அடியில் படுத்துவிட்டால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். பத்திரத்தில் ஏதோ ஒன்று மாறிப்போய், அலுவலகத்தில் நம்பர் சீட்டோடு அரை நாள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

யானில் ஒரு நீலம்

யான் என்ற ஊருக்குப் பக்கத்து வயலில் முனியாண்டி என்பவர் கூலிக்கு உழுது கொடுக்கும் டிராக்டர். கிராண்டில் நீலம் என்றிருந்தது. எதிரே நின்றதோ கூரை முதல் சக்கரம் வரை சேறு. கழுவச் சொன்னால், மத்தியானம் மறுபடி வயலில் இறங்கும் வண்டியை எதற்குக் கழுவ என்கிறார். வாதாட எனக்கு வராது. குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை ஊற்றி, பேனட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தேன். நீலம்தான். முனியாண்டி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆறு வருஷமா ஓட்டுறேன், நீலம்னு இன்னைக்குத்தான்ணே தெரியும்!”

ஏழு இருக்கை

இனி மரியதாஸின் ஜீப். கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் அவருக்குச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நிலம் இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாவிட்டால் குலைகள் கீழே இறங்காது, மேட்டிலேயே அழுகும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய பழைய ஜீப் அது. வாங்கினாரே தவிர, பேர் மாற்றவில்லை. இப்போது தோட்டமே கைமாறுகிறது. மாதக் கடைசிக்குள் பேர் மாற்றாவிட்டால், தோட்டத்தின் பேரில் இருக்கும் மற்ற வண்டிகளோடு அதுவும் புதிய முதலாளிக்குப் போய்விடும் என்று மானேஜர் சொல்லிவிட்டார். நான் போன அன்று மாதம் முடிய ஒன்பது நாள்.

கிராண்டில் ஏழு இருக்கை. நான் எண்ணியது ஐந்து. பின்னால் இருந்த இருவர் இருக்கை எங்கே என்று கேட்டேன். மரியதாஸ் தலையைச் சொறிந்துகொண்டே வீட்டுக்குள் கூட்டிப் போனார். ஹாலில் டிவிக்கு எதிரே அது கிடந்தது. மேலே அவருடைய மாமியார் செசிலியம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் கண்ணை டிவியிலிருந்து எடுக்கவில்லை. “சீட்டத் தூக்கணும்னா என்னையும் சேத்துத் தூக்குங்க தம்பி. படம் முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கு.”

மூன்று தடவையும் மூன்று

படம் முடிந்தது, இருக்கை ஜீப்புக்குத் திரும்பியது. நான் அடியில் படுத்தேன். முன் சக்கரத்துக்குப் பக்கத்து இரும்புச் சட்டத்தில் சேசிஸ் நம்பர் வெட்டியிருக்கும். அதன் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் தாளில் ஏறிவிடும். எப்போதும் மூன்று தடவை எடுப்பேன். கிராண்டில் கடைசி எண் எட்டு. தாளில் ஏறியது மூன்று. தாள் நகர்ந்திருக்கும் என்று மறுபடி எடுத்தேன். மூன்று தடவையும் மூன்றுதான்.

நம்பர் மாறினால் பேர் மாறாது. அதோடும் நிற்காது, வண்டியை நிறுத்தி வைத்து விசாரிப்பார்கள். கொஞ்ச நேரம் வெளியே வராமல் அப்படியே கிடந்தேன். பிறகு வந்து தாள்களை வரிசையாக பேனட் மேல் வைத்தேன். மரியதாஸ் மூன்றையும் பார்த்தார். “அப்போ பத்து வருஷமா நான் திருட்டு வண்டியா ஓட்டினேன்? எம் பொண்டாட்டி இதுலதான்ணே பிரசவத்துக்குப் போனா!”

தின்னரும் பழந்துணியும்

திரும்பவும் படுத்துப் பார்த்தேன். சட்டத்தின் ஓரத்தில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. மேலே பச்சை, அதற்கடியில் சிவப்பு, அதற்கும் அடியில் மஞ்சள். சட்டத்துக்குப் போய் யார் இத்தனை பெயிண்ட் அடிப்பார்கள்? தான் ஒரு தடவைகூட அடித்ததில்லை என்றார் மரியதாஸ். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற கண்ணையாவைக் கூட்டி வந்தோம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஜீப்பைக் கழுவி, மிச்சம் மீதி இருக்கும் பெயிண்டை அடிச் சட்டம் வரை அடித்து, பிறகுதான் சந்தனம் குங்குமம் வைப்பார்களாம். நம்பரை மட்டும் விட்டிருக்கலாமே என்றேன். சாமிக்கு வைக்கிற வண்டியில் அரைகுறை வேலை ஆகாது என்றார்.

அவர் உடனே சுரண்ட உளியை எடுத்தார். அவர் கையைப் பிடித்துவிட்டேன். நம்பர் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் திருத்தினோம் என்பார்கள். பெயிண்டைக் கரைக்கும் தின்னரும் பழந்துணியும்தான். ஒரு பூச்சு கரைய, துடைக்க, அடுத்தது கரைய என்று சாயங்காலம் வரை ஆயிற்று. பதினோராவது பூச்சு சாம்பல் நிறம். கிராண்டில் எழுதியிருந்த அதே நிறம். அதுவும் கரைந்ததும், பெயிண்ட் அடைத்திருந்த மூன்றின் இடது பக்கம் மெல்லத் திறந்தது. எட்டு. மூவரும் டார்ச் அடித்து மாறி மாறிப் பார்த்தோம். பதினோரு பூச்சு என்று நான் சொன்னதும் கண்ணையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் அடிச்சது பத்துதான்ணே. அடியில இருக்கிறது கம்பெனி பெயிண்டு. அதையும் ஏன் என் தலையில கட்டுறீங்க?”

பேர் மாறிய அன்று

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது ஜீப்பை அரசுச் சோதனைக்குக் கொண்டு போனோம். நிறம் இப்போது பச்சை என்று தனியாக மனு எழுதி வைத்திருந்தேன். அதிகாரி இருக்கைகளை எண்ணினார். ஏழு. பிறகு டார்ச்சோடு கீழே குனிந்தார். நான் மனதுக்குள் முப்பத்தொன்று வரை எண்ணியிருந்தேன். நிமிர்ந்து, மலாயில் “சாமா, பாக்சிக்” என்றார். எல்லாம் ஒன்றுதான், பெரியவரே.

இரண்டு நாளில் பேரும் மாறியது. கிராண்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பும்போது, கோலா கெத்திலுக்குப் போகும் வழியில் ஜீப் இரண்டு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. வெயில், பின்னால் லாரி ஹாரன். நான் பதறி இறங்கித் தள்ளப் போனேன். மரியதாஸ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். “நிக்கட்டும் லா அண்ணே. இப்ப நிக்கிறது என் வண்டி!”

நிறம் கேட்கிறார்கள், இருக்கை கேட்கிறார்கள், சேசிஸ் நம்பர் கேட்கிறார்கள். வண்டி ஓடுமா என்று கேட்கும் கட்டத்தை மட்டும் இந்தப் பத்தொன்பது வருஷத்தில் எந்தக் கிராண்டிலும் நான் பார்த்ததில்லை.