வெள்ளை பங்களாவின் படிக்கட்டு

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வாடகைக் காரில் கிளம்பினோம். கடலூருக்குத் தெற்கே கடலோரமாக இருக்கும் ஒரு பெரிய ஓட்டலைப் பார்த்துவிட்டு வர வேண்டும். மகள் ஜெனிஃபர் தன் கல்யாண வரவேற்பை அங்கே வைக்க ஆசைப்பட்டாள். வைட்ஃபீல்டில் அவளுக்கு அன்றும் ஆபீஸ் இருந்ததால் நானும் என் கணவர் பிரான்சிசும் மட்டும் போனோம்.

படங்களைப் பார்த்துத்தான் அவள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். அப்பா ஒன்பது வருடம் மேனேஜராக இருந்த ஓட்டல் அது என்று அவளுக்குத் தெரியாது. இப்போது பெயர் மாறிவிட்டது. சுனாமிக்கு மறுநாள் அவர் யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு வந்தார். "இனிமே அங்க போகல, ரீட்டா" என்றார். அப்போது ஜெனிஃபருக்கு நான்கு வயது. அதன்பிறகு நாங்கள் கடல் பக்கமே போனதில்லை. இப்போது மகள் கேட்டதும், "சரி, போய்ப் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஓட்டுநர் மஞ்சுநாத் அத்திபெலேக்காரர். மாநில எல்லையைத் தாண்டும்போது, "சமுத்ரம் பாக்கவா சார்? நல்லாத்தான் இருக்கும். உப்புக் காத்துல வண்டிக்குத்தான் ஆகாது" என்றார். கிருஷ்ணகிரிக்கு அப்பால் இட்லியும் காபியும். காபி முப்பது ரூபாய், தண்ணீராக இருந்தது. ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை என்று போகப் போக வெயில் ஏறியது.

பன்னிரண்டே காலுக்கு சவுக்குத் தோப்பு விலகி ஓட்டல் தெரிந்தது. இரண்டு மாடி, வெள்ளைத் தூண்கள், கடலைப் பார்த்த நீண்ட தாழ்வாரம். பக்கத்துக் குப்பத்தில் இன்றைக்கும் இதற்கு வெள்ளை பங்களா என்றுதான் பெயர்.

கல்யாண ஏற்பாடுகளைக் கவனிக்கும் நிவேதா என்ற பெண் எங்களைச் சுற்றிக் காட்டினாள். கூடத்துச் சுவரில் ஓட்டலின் வரலாறு வரிசையாகப் படங்களில் இருந்தது. உப்பு வியாபாரம் செய்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு. யுத்தத்தின்போது காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி. பிறகு ஒரு செட்டியார் வாங்கி, பர்மாத் தேக்கில் படிக்கட்டு போட்டு ஓட்டலாக்கினார். ஒரு படத்தில் கிறிஸ்துமஸ் நடனம். பேண்டு வாசிக்கிறவர்கள் எங்கள் ஊர்க் கன்டோன்மென்ட் பக்கத்துப் பையன்கள். அதற்கடுத்த படம் புது நீச்சல் குளம்.

"நடுவுல கொஞ்ச வருஷம் ரெனவேஷனுக்காக மூடியிருந்தாங்க" என்றாள் நிவேதா.

"ரெனவேஷன் இல்லம்மா. தண்ணி வந்துச்சு" என்றார் என் கணவர். பிறகு மெதுவாகக் கேட்டார்: "செல்வம்னு ரூம் சர்வீஸ்ல ஒருத்தர் இருந்தார். அவர் வீட்டுல யாராவது இருக்காங்களா?"

"மல்லிகா அக்காவோட வீட்டுக்காரர் பேரு செல்வம்தான். அவங்க இங்கதான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்" என்று சொல்லி, அவளைக் கூப்பிடப் போனாள்.

காத்திருந்தபோது அவர் அந்தத் தேக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். அன்று காலை கடல் உள்வாங்கியது. விருந்தினர்கள் சிலர் வேடிக்கை பார்க்க மணலில் இறங்கிப் போனார்கள். அவர்களைக் கூப்பிட்டு வரும்படி செல்வத்தை அனுப்பியது இவர்தான். குப்பத்து ஜனங்கள் வாசலுக்கு ஓடிவந்தபோது, வெளியாட்களை விடக்கூடாது என்ற உத்தரவையும் மீறிக் கேட்டைத் திறந்தார். எல்லோரும் இந்தப் படிகளில் ஏறித்தான் பிழைத்தார்கள். விருந்தினர்களும் வந்து சேர்ந்தார்கள். செல்வம் வரவில்லை.

மல்லிகா வந்தாள். ஐம்பது வயதிருக்கும், சாம்பல் நிறச் சீருடை. இவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இவர் எழுந்தார்.

"பிரான்சிஸ் சார்தான?"

"ஆமாம்மா."

"எங்கம்மாவும் நானும் இந்தப் படியிலதான் நின்னோம் சார். நீங்க கேட்டைத் தொறந்தீங்க, நான் பாத்தேன். எங்க வீட்டுக்காரரு காரியத்துக்கு வருவீங்கன்னு நெனச்சேன்."

"உங்க முகத்தைப் பாக்க முடியலம்மா. நான்தான அவரை அனுப்பினேன்."

"தெரியும் சார். கூட நின்னவங்க சொன்னாங்க. கோவம் இருந்துச்சு. அனுப்புனதுக்கு இல்ல. ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டீங்களே, அதுக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவள் கையைப் பிடித்தேன். கை சோப்பு வாசனையோடு ஈரமாக இருந்தது. கல்யாண விஷயத்தை நிவேதா சொல்லியிருப்பாள் போல; மகளுக்கு என்ன வயது, மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று விசாரித்தாள். இவர் தயங்கி, "இங்க கல்யாணம் வெக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

"வாரா வாரம் இங்க யாருக்காவது கல்யாணம்தான் சார். உங்களுக்கு மட்டும் என்ன? நல்லா நடத்துங்க. எனக்குப் பத்திரிகை வெக்கணும், அது போதும்."

சாப்பிட்ட பிறகு மூவரும் கடற்கரைக்குப் போனோம். செல்வத்தை அலை கொண்டுபோன இடம் எது என்று மல்லிகா கைகாட்டினாள். அங்கே வலை காய்ந்துகொண்டிருந்தது. என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். எட்டரை மணிபோல் அத்திபெலேயில் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். ஜெனிஃபர் போன் செய்தாள்.

"அப்பா, ஹால் எப்படி இருக்கு?"

"ஹால் நல்லாருக்கு கண்ணு. அந்த ஓட்டலைப் பத்தி உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. கடல் இல்லாத எங்கள் ஊரை அவர் இத்தனை வருடம் ஏன் விடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் முதலில் செல்வத்தின் பெயரைச் சொன்னார்.