எந்தக் கிழமை வசதி?

என் அக்கா ஒரு பெரிய துணிக்கடையில் பில் போடுகிறாள். ஆறு வருஷமாகப் பகுதிநேர வேலை. எந்தப் பகுதி, எவ்வளவு நேரம் என்பது கடவுளுக்கும் மேலாளருக்கும்தான் வெளிச்சம். நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்டால், "அடுத்த மாசம் பார்க்கலாம்மா" என்பார். எங்கள் வீட்டில் அவர் பெயரே 'அடுத்த மாசம்' என்றாகிவிட்டது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் சேர்ந்தால் மேலாளர் பகுதிநேரக்காரர்களுக்கு வரிசையாக ஃபோன் போடுவார். மூன்று தடவை அடிப்பதற்குள் எடுத்தால் அன்றைக்கு வேலை. இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதனால் அக்கா குளிக்கும்போதுகூட ஃபோன் சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். சீருடையோடுதான் சமைப்பாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவாள். அங்கே போய் நின்றால், "கூட்டம் குறைஞ்சிடுச்சு, வீட்டுக்குப் போங்க" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் தட்டை மூடி வைத்துவிட்டு நான் தனியாகத் திட்டிக்கொண்டிருப்பேன்.

போன மாதம் ஒரு நல்ல வழி பிறந்தது. சலவை நிறுவனம் ஒன்றில் வண்டி ஓட்ட ஆள் தேடினார்கள். காலையில் போனால் சாயங்காலம் வீடு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதக் கடைசிக்குள் ஓட்டுநர் உரிமம் கொண்டுவந்தால் வேலை அவளுக்குத்தான் என்றார்கள். என் பழைய காரில் நானே ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். பொய் சொல்லக்கூடாது, என்னைவிட நன்றாகவே ஓட்டினாள். ஆனால் தேர்வுக்கு நாள் வாங்கினால் அன்றைக்கென்று பார்த்துக் கடையிலிருந்து ஃபோன் வரும். இரண்டு தடவை அப்படியே கோட்டை விட்டோம்.

மூன்றாவது தடவை, கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அழைத்துப் போனேன். அப்போதும் சீருடையில்தான் வந்தாள். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். வளைவில் அழகாகத் திரும்பினாள், பின்னால் எடுத்தாள், ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பினாள். முடிய இன்னும் ஒரே ஒரு சுற்று. திடீரென்று கார் நின்றது. அதிகாரி இறங்கி நடந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"ஃபோன் அடிச்சுது. கை தானா எடுத்துடுச்சுடி."

அவளைத் திட்டுவதா, அந்தக் கையைத் திட்டுவதா? "கடையிலிருந்தா? என்னவாம்?"

"இன்னைக்கு வர வேண்டாமாம்."

அவளை இழுத்துக்கொண்டு போய் மறுதேர்வு வரிசையில் நின்றேன். ஜன்னலுக்குள் இருந்த அம்மாள் நல்ல மாதிரி.

"இந்த மாசத்துல செவ்வாயும் வெள்ளியும்தான் காலியா இருக்கு. உங்களுக்கு எந்தக் கிழமை வசதிம்மா?"

ஆறு வருஷமாக அக்காவிடம் யாரும் கேட்காத கேள்வி. அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள்.

"வெள்ளின்னு சொல்லுக்கா!" என்றேன்.

"கடையில ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தாள்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அடுத்த ஆள் வாங்க" என்றார்.