பொம்பளைப் படத்து ட்ரெய்லர்

எனக்கு அடிதடிப் படம் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுகிற லொறி மேல் நின்று ஒருத்தன் இன்னொருத்தனை உதைத்தால் நான் கதிரை நுனிக்கு வந்துவிடுவேன். ஆனால் பொம்பளைகளுக்கென்று படம் விற்கிறவர்களுக்கு இது தெரியாது. அவர்களுடைய ட்ரெய்லர் எல்லாம் குக்கர் விசிலில் தொடங்கும். பிறகு ஒரு கை வெங்காயம் நறுக்கும், ஜன்னலில் மழை பெய்யும், உள்ளறையிலிருந்து யாரோ "டீ எங்க?" என்பார்கள். அப்புறம் இசை நிற்கும். கதாநாயகியின் முகத்தைக் கிட்டத்தில் காட்டி, ஒரே ஒரு கேள்வியை அவள் வாயில் வைத்து, திரையை இருட்டாக்கிவிடுவார்கள். கோழிக்கு அரிசி தூவுகிற மாதிரி சமையலறைச் சத்தத்தைத் தூவி எங்களைக் கூப்பிடுகிறார்கள். நாங்களும் போகிறோம், அதுதான் எரிச்சல்.

போன வருஷம் வந்த ஒரு படத்துக்கும் அப்படித்தான் ட்ரெய்லர் வந்தது. கண்டியில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் இடைவேளைக்கு இடைவேளை யாராவது ஒருத்தரின் போனில் அது ஓடியது. அதில் கதாநாயகி புருஷனைப் பார்த்து, "நான் இல்லாத வீட்டுல எது எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்பாள். அவன் வாயடைத்து நிற்பான். அடுத்த காட்சியில் அவள் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு சூட்கேஸை இறக்குவாள். கதவு மூடும் சத்தத்தோடு ட்ரெய்லர் முடியும். பார்த்த டீச்சர்மார் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு சூட்கேஸ் மனசுக்குள் இருந்திருக்கும் போல.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே கணக்குப் படிப்பிக்கும் சேர் மட்டும், "உதுகளை நான் பாக்கிறேல்ல" என்று கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு டீச்சர் அந்த வசனத்தை, "எது இருக்கு எது இல்லன்னு தெரியுமா" என்று மாற்றிச் சொல்லிவிட்டார். சேர் தலை நிமிராமலே, "இல்லை டீச்சர், எது எங்க இருக்கெண்டுதான் கேக்கிறா" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. மடவளையிலிருந்து வரும் டீச்சர், "எங்கட ஊட்டுக்காரரும் இப்பிடித்தான். பாக்கல்லேண்டு சொல்லுவார். தேத்தண்ணி கேக்குற சாட்டுல வந்து, பின்னால நின்டு முழுசாப் பாத்துட்டுப் போவார்" என்றார். என் வீட்டுக்காரர் அந்தச் சாதி இல்லை, பார்க்கவே மாட்டார் என்று நான் அடித்துச் சொன்னேன்.

அந்த நாட்களில் எனக்கு வேறொரு விஷயம் தலைக்கு மேல் இருந்தது. இராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு என்னை அதிபராகப் போகச் சொல்லியிருந்தார்கள். இத்தனை வருஷம் படிப்பித்ததற்குக் கிடைக்கும் ஒரே படி அதுதான், இன்னொரு தரம் கேட்க மாட்டார்கள். போனால் கிழமை நாட்களில் அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்க வேண்டும். பிலிமத்தலாவை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மகள் கொழும்பில் வேலை. வீட்டுக்காரருக்கு ஹார்ட்வெயார் கடை கீழ் ரோட்டில், விட்டு வர முடியாது. மாத முடிவுக்குள் நான் வலயக் கல்விக் கந்தோருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எனக்குப் போக ஆசை, நல்ல ஆசை. அவரிடம் கேட்டேன். "பாப்போம்" என்றார். எங்கள் வீட்டில் "பாப்போம்" என்றால் மாட்டேன் என்பதைச் சட்டை போட்டு உட்கார வைத்திருக்கிறது என்று அர்த்தம். மறுபடி கேட்டேன். மறுபடியும் பாப்போம்.

அவர் சம்மதம் இல்லாமல் போக முடியாதா என்று கேட்பீர்கள். போகலாம். யாரும் கட்டி வைக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிற மனுஷனுக்குச் சோறு போட என்னால் முடியாது. சம்மதித்து அனுப்பினால்தான் எனக்குப் போன மாதிரி.

கல்லில் நார் உரிக்கிற வேலையைப் படம் செய்யட்டும் என்று நினைத்தேன். நான் கேட்டால் கேட்காத காது, திரையில் ஒருத்தி கேட்டால் கேட்கலாம். ராத்திரிச் சாப்பாட்டில், "என்னங்க, சனிக்கிழமை கண்டிக்குப் படத்துக்குப் போவமா?" என்றேன்.

"எந்தப் படம்?"

சொன்னேன்.

"அது பொம்பளைப் படம். அங்க எனக்கு என்ன வேலை? நீ உன் கூட்டாளிகளோட போயிட்டு வா" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. அவருடைய வெட்டுக்குத்துப் படங்களுக்கெல்லாம் கல்யாணமான நாளிலிருந்து கூடவே போயிருக்கிறேன். ஒருநாளும் அது ஆம்பிளைப் படம் என்று நான் சொன்னதில்லை. எல்லோரும் பார்க்கிறது படம், நாங்கள் பார்க்கிறது பொம்பளைப் படம். இது என்ன நியாயமோ.

மடவளை டீச்சரோடு மெட்னி காட்சிக்குப் போனேன். உள்ளே பொம்பளைகளும் பிள்ளைகளும்தான். கூட்டி வந்த ஆம்பிளைகள் பாதிப் பேர் எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடையில் நின்றார்கள். இடைவேளைக்கு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் வெளியே போனார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ட்ரெய்லரே அவர்களைப் பார்த்து, நீ திட்டு வாங்கத்தான் வருகிறாய் என்று சொல்லியிருந்தது. எந்த மனுஷன் காசு கொடுத்துத் திட்டு வாங்குவான்?

படத்தில் அந்தச் சூட்கேஸ் காட்சி வந்தது. பக்கத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் இறக்கினாள், திறந்தாள், மாமியாருடைய உடுப்புகளை மடித்து வைத்தாள். மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமாம். அந்தக் கேள்வியையும் அவள் சண்டையில் கேட்கவில்லை, மாமியாரின் மருந்து எந்த மேசை லாச்சியில் இருக்கிறதென்று புருஷன் கேட்கிற இடத்தில்தான் சொல்கிறாள். கதவு மூடிய சத்தம் ஆஸ்பத்திரிக் கதவு. அவள் எங்கேயும் போகவில்லை. தியேட்டரில் ஒரு பெருமூச்சு கேட்டது, கேட்டவர்களுக்குத்தான் தெரியும் அது எப்படிப்பட்டதென்று. வெளியே வந்து மடவளை டீச்சர், "நல்லா ஏமாத்திட்டானுகள்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். "படம் எப்படி?" என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த நாட்களில் அவர் குசினிக்குள் அடிக்கடி வந்து நிற்கத் தொடங்கினார். டின்களைத் திறந்து மணந்து பார்ப்பார், மூடுவார், அடுத்ததைத் திறப்பார். "என்ன தேடுறீங்க?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பார். முறுக்கு ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து ஒரு பாக்கெட் வாங்கி வைத்தேன். அதைத் தொடவில்லை, ஆனால் டின் திறப்பதும் நிற்கவில்லை. இந்த வயசில் இதென்ன புதுப் பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

மாத முடிவு நெருங்கியது. பள்ளிக்கூடக் கலைவிழாவுக்குப் பிள்ளைகள் ஆட என்னிடமுள்ள பழைய சேலைகளைக் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அலுமாரிக்கு மேலிருந்து சூட்கேஸை இறக்கிக் கட்டிலில் போட்டு, சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கடையைப் பூட்டிவிட்டு வந்தவர் அறை வாசலில் அப்படியே நின்றார். சூட்கேஸைப் பார்த்தார், அலுமாரிக்கு மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"சீனி மேல்தட்டுல, நீல டின்ல" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னங்க?"

"மிளகாய்த்தூள் கீழ, அரிசி வாளிக்குப் பக்கத்துல. பருப்பு ரெண்டு போத்தல். சீரகம் கண்ணாடிப் போத்தல்ல. நெருப்புப் பெட்டி காஸ் குக்கருக்குப் பின்னால. கட்ட வேண்டிய கறண்ட் பில் காலண்டருக்குப் பின்னால சொருகியிருக்கு." பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி நிறுத்தாமல் சொன்னார். "தெரியும். எனக்கு எது எங்க இருக்குன்னு தெரியும்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பார்க்கவே மாட்டார் என்று நான் அடித்துச் சொன்ன மனுஷன் அந்த ட்ரெய்லரைப் பார்த்திருக்கிறார். ஒருதரம் பார்த்தவன் நிற்கிற நிலை இல்லை அது. கண்ணாடிப் போத்தலில் இருப்பது சீரகம் இல்லை, பெருஞ்சீரகம். நான் திருத்தவில்லை.

சேலைகள் கலைவிழாவுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே அலுமாரியைத் திறந்து, என்னுடைய கம்பளி ஸ்வெட்டரை எடுத்து வந்து சேலைகளுக்கு மேல் வைத்தார். "இராகலை குளிரும். நீ போ. நான் பாத்துக்குவேன்."

இத்தனை நாள் கேட்டும் வராத பதில், ஒரு பொய் ட்ரெய்லருக்கு வந்துவிட்டது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஸ்வெட்டரை மடித்தேன். நாளைக்கே கந்தோருக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மெதுவாகக் கேட்டார்.

"நீ முழுப் படமும் பாத்தியே. அந்தப் பொம்பளை திரும்பி வருவாளா?"

"வருவா" என்றேன். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேர பஸ்ல வருவா."