சிவப்பு வளையம் போட்ட நாற்பது மரங்கள்

புஷ்பவள்ளி அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில், ஒரே வாக்கியம். அதில் பாதி பொய்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீடு திகாம் பத்து என்ற சிற்றூரில். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மெர்போக் பக்கம் ஒரு சின்ன ரப்பர் தோட்டத்துக்குப் பால்மரம் சீவப் போவார். வாய் ஓயாது. மரத்தோடு பேசுவார், மழை வந்தால் மழையோடு சண்டை போடுவார்.

என் முதுகலை ஆராய்ச்சியும் அந்தத் தோட்டத்தில்தான். மரப்பட்டையை அழுக வைக்கும் ஒரு பூஞ்சணம் புது ரக மரங்களை எவ்வளவு தாக்குகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் பல்கலைக்கழகமும் ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை. நான் ஓராண்டு ஜப்பான் ஆய்வுக்கூடத்தில் இருப்பேன். அக்கா மாதாமாதம் பட்டைத் துணுக்குகளை எடுத்து அனுப்புவார். அதற்காகவே அவரைக் களப் பணியாளராகச் சேர்த்திருந்தார்கள்.

கிளம்புமுன் புது ரக மரம் நாற்பதுக்குச் சிவப்பு வளையமும், பழைய ரகம் நாற்பதுக்கு வெள்ளை வளையமும் பெயிண்டால் போட்டேன். "செவப்பு எதுக்கும்மா, வெள்ள எதுக்கு?" என்று அக்கா கேட்டார். எனக்குப் பெட்டி கட்டும் அவசரம்.

"அதெல்லாம் சொன்னா சூசாக்கா, வெளங்க வைக்கிறது கஷ்டம். செவப்பு மரம்தான் என் படிப்பே. அத நல்லாப் பாத்துக்குங்க, போதும்."

விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. படிக்கிற திமிர், வேறென்ன.

ஜப்பானில் என்னோடு சேர்ந்து ஆராய்ந்தவர் ஹருகா. வெள்ளை மரத்துப் பட்டையிலிருந்து பூஞ்சணம் கறுகறுவென்று வளர்ந்தது. சிவப்பு மரத்துப் பட்டையில் ஒன்றுமே வளரவில்லை. ஒரு மாதமல்ல, ஏழு மாதம். நோயே அண்டாத ரகம் கிடைத்துவிட்டது என்று ஹருகா கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அக்காவை வீடியோவில் அழைத்தேன். அவர் தோட்டத்தில் இருந்தார்.

"காஞ்சனா, இங்க பாரும்மா ஒன் மரத்த!"

சீவிய பட்டை தெரியாத அளவுக்கு மஞ்சள். நடுவில் குங்குமப் பொட்டு. நாற்பது மரத்திலும்.

"நீ போனதிலேருந்து ஒரு வெள்ளி தவறல. புதுசாப் பால் வெட்ட ஆரம்பிக்கறப்ப மொத மரத்துக்கு மஞ்சக் குங்குமம் வைப்போமில்ல? ஒன் படிப்பாச்சேன்னு நாப்பதுக்கும் அரைச்சுப் பூசறேன்லா. ஒனக்கு அனுப்பற துண்ட மட்டும் கழுவித் தொடச்சுடுவேன்."

மஞ்சள் பூசிய பட்டையில் பூஞ்சணம் எங்கே வளரும்?

"யாருக்கா ஒங்கள இதெல்லாம் செய்யச் சொன்னது? ஏழு மாசம் பாழாப் போச்சு! அறிவில்லையா?" என்று கத்தினேன். என் அம்மா வயது அவருக்கு. "ஐயோ, தெரியாதும்மா" என்றார். கைபேசி சரிந்து, வெறும் இலைகள்தான் தெரிந்தன.

மறுநாளே ஹருகாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்டார்: அந்த மரங்கள் எதற்கு என்று களப் பணியாளருக்குத் தெரியுமா? தெரியாது என்று நான் சொன்னால் தவறு என்னுடையதாகிவிடும். மறுபடி செய்ய இன்னோர் ஆண்டு தரமாட்டார்கள், பட்டமும் கிடைக்காது.

"தெரியும், விளக்கிச் சொல்லியிருந்தேன்" என்றேன்.

அப்படியே அறிக்கையிலும் எழுதினேன்: 'தெளிவாக அறிவுறுத்தியும் களப் பணியாளர் புஷ்பவள்ளி மரங்களில் மஞ்சள் பூசியதால் மாதிரிகள் கெட்டன.' எனக்கு இன்னோர் ஆண்டு கிடைத்தது. அக்காவைக் காரணம் சொல்லாமலே அந்த வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

போன மாதம் ஊர் திரும்பியதும், அறிக்கையைப் பையில் வைத்துக்கொண்டு திகாம் பத்துவுக்குப் போனேன். எழுதியதைப் படித்துக் காட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டார்.

"புக்குல என் பேரு வந்திருக்காமே! யுனிவர்சிட்டி ஆபீசு ஹனிஸ் சொல்லுச்சு. கொண்டாந்தியா?"

எடுத்து விரித்து, அந்த வரியில் விரலை வைத்தேன். அடையாள அட்டையில் இருக்கிற தன் பெயர் அவருக்கு ஆங்கிலத்தில் அடையாளம் தெரியும். எழுத்தெழுத்தாகப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னான்னு போட்டிருக்கு?"

"மரத்தையெல்லாம் நீங்கதான் பாத்துக்கிட்டீங்கன்னு போட்டிருக்குக்கா."

உள்ளே போய் மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தார். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல அந்தப் பக்கத்தின் நான்கு மூலையிலும் தடவினார்.

"அன்னிக்கு நீ கத்துனதும், ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு மூணு நாளு சோறு எறங்கல. தப்புன்னா பேரப் போடுவாங்களா, நீயே சொல்லு?"

"போடமாட்டாங்கக்கா" என்றேன்.