வெறும் இலை

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த நாட்களில், கல்வராயன் மலையடிவாரத்து ஸ்டேஷன் ஒன்றில் நான் ரைட்டராக இருந்தேன். உளுந்தூர்பேட்டை ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். எல்லோரையும் பந்தோபஸ்துக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது நானும் ஒரு ஏட்டும்தான்.

ஒரு நாள் காலை ஏட்டு, மலைக்காரர் ஒருவரைச் சாக்கு மூட்டையோடு பிடித்து வந்தார். கஞ்சா என்றார். பொருளைக் கைப்பற்றியதற்கான மகஜர் எழுதுவதில் எங்களுக்கு ஒரு பழக்கம். சாட்சிகளிடம் முதலிலேயே வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவோம். பிறகு பழைய வழக்கின் மகஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயரையும் எடையையும் மட்டும் மாற்றி எழுதுவோம். அப்படித்தான் ‘பூவும் காயும் கூடிய நுனிக்கொத்துகள்’ என்று எழுதினேன். எழுதி முடித்து, அரக்கு வைப்பதற்காக மூட்டையைப் பிரித்தேன். எல்லாம் காய்ந்த இலை. ஒரு பூ இல்லை.

பூக்கொத்து இருந்தால்தான் கஞ்சா. இலையோ விதையோ தனியாக இருந்தால் சட்டப்படி அது கஞ்சா ஆகாது. போதைப்பொருளுக்குப் புதுச் சட்டம் வந்தபோது சுற்றறிக்கையை ஸ்டேஷனில் உரக்கப் படித்தவனே நான்தான்.

“மாடு கழிஞ்சிக்கினு கெடக்குதுங்க. அதுக்கு அரைச்சி ஊத்தத்தாங்க” என்றார் மலைக்காரர்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. திருத்துவதென்றால் சாட்சிகளை மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும், ஏட்டைப் பகைத்துக்கொள்ள வேண்டும். பரிசோதனையில் தெரிந்துவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சோம்பேறித்தனம், பயம். வேறொன்றும் இல்லை.

மறியலால் சாம்பிள் பரிசோதனைக்குப் போய்ச் சேரவே நாளாயிற்று. மலைக்காரர் ரிமாண்டில் கிடந்தார். அவர் மனைவி சங்கராபுரம் கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடையாய் நடந்தார். அந்த அம்மாவைக் கண்டாலே நான் ரிஜிஸ்தருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் வந்தது. இலை மட்டுமே என்று இருந்தது. விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்த வாரமே மலைக்காரர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். திட்டியிருந்தால் தேவலை. அந்த மாடு செத்துவிட்டதாம், இன்னொன்று இருக்கிறதாம்.

“எது வச்சிக்கினு இருந்தா தப்பு, எது தப்பில்லன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க ரைட்டரய்யா. நீங்க எழுதுனாதான் நம்புறாங்க.”

எழுதிக் கொடுத்தால், எனக்கு அந்த வித்தியாசம் தெரியும் என்பதற்கு அந்தச் சீட்டே சாட்சியாகிவிடும். சட்டமெல்லாம் எனக்குத் தெரியாது, வக்கீலைப் போய்ப் பாருங்கள் என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.