வாட்லி போட்ட பேச்சியம்மாள்

"அம்மா போயிருச்சு மாமா." சென்ற வாரம் சிலமலையிலிருந்து பேச்சியம்மாளின் மகள் ராணி தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். நான் எதிர்பார்த்திருந்த செய்தி.

பேச்சியம்மாள் வேலை பார்த்த ஏலக்காய்த் தோட்டத்தில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்தபின் வந்த முதல் ஆடி மாதம் அது. போடியிலிருந்து ஆட்களை ஏற்றிப்போகும் இரண்டு ஜீப்புகளில் ஒன்று பழுதாகிவிட்டது. மலையில் நல்ல மழை. இருபது பெண்களையும் ஒரே ஜீப்பில் ஏறச் சொன்னேன். ஏறியிருந்த பேச்சியம்மாள் இறங்கிவந்து நடுரோட்டில் உட்கார்ந்தார்.

"வாட்லி!" என்றார். மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"யாரும்மா வாட்லி?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "ஏறாதவங்களுக்கு நாளைக்கு வேலை கிடையாது" என்று கத்தினேன்.

"உங்க மேல கோவமில்லண்ணே. ஜீப்பு ரெண்டு நடை போகட்டும். வெரசா வந்து சோலியப் பாக்குறோம்" என்றார் பேச்சியம்மாள்.

ஓட்டுநரும் இறங்கி ஓரமாக நின்றுகொண்டார். வேறு வழியில்லாமல் இரண்டு நடை அனுப்பினேன். யார் தொடங்கியது என்று முதலாளி கேட்டபோது, "எல்லாரும்தான்" என்றேன். மறுநாள் பேச்சியம்மாள் ஒரு தூக்குச்சட்டி நிறையப் பணியாரம் கொண்டுவந்தார். "பேரைச் சொல்லலையாமே?" என்றார்.

அன்று மதியம்தான் அந்தச் சொல்லின் கதையைச் சொன்னார். வாட்லி என்பது ஒரு வெள்ளைக்காரத் துரையின் குடும்பப் பெயர். பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாத ஒருத்தியை அவன் மழையில் காட்டுக்குப் போகச் சொல்ல, பெண்கள் எல்லோரும் அவன் குதிரைப் பாதையை மறித்து உட்கார்ந்தார்களாம். உச்சிப்பொழுதுவரை பார்த்துவிட்டுத் துரை திரும்பிப் போய்விட்டான். கூடி உட்கார்ந்து மறுப்பதற்கு அவன் பெயரே நிலைத்துவிட்டது.

இளையவர்கள் இப்போது ஓய்வெடுப்பதையே வாட்லி என்கிறார்கள். அந்தத் துரை மழைக்கு லீவு கொடுத்த நல்லவன் என்று டீக்கடையில் ஒருவர் சாதித்தார். பேச்சியம்மாள் விடவில்லை: "லீவு குடுத்தவன் பேரு எவனுக்கு ஞாபகம் இருக்கும்? உக்கார வச்சவன் பேருதான் நிக்கும்."

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது எழ முயன்று முடியாமல் சிரித்தார். "காலு ரெண்டும் வாட்லி போட்டிருச்சுண்ணே." அவரே அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் தந்துவிட்டார்.

அவரை அறிந்தவர்கள் அவருடைய துணிச்சலைச் சொல்வார்கள். எனக்கு அவர் விட்டுப்போனது வேறு. எதிரே ஒருவர் மறுத்து உட்கார்ந்தால், இப்போதெல்லாம் நான் கத்துவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சங்கதி என்று கேட்கிறேன்.