முனை வரைக்கும்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பாலம்மாவின் வலது முழங்கால் வீங்கியதிலிருந்து மகன் ரமேஸ் போனில் ஒரே பேச்சைத்தான் பேசினான். அவனுக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை.

"மலைக்குப் போனது போதும்மா. தோட்டத்துல பேர வெட்டிட்டு லயத்து வீட்டுல உக்காருங்க. அடுத்த மாசம் வந்து நானே ஆபீஸ்ல சொல்லிடுறேன்."

"நடக்க முடியாதவளுக்குச் சொல்லு அத. நான் நடப்பேன்."

"எங்க, நடந்து காட்டுங்க பாப்போம்."

மடுல்கெல்லைத் தோட்டத்து லயத்தில் அவளுக்குப் பக்கத்து அறையான காம்பராவில் இருப்பவள் நிரோஷா. கண்டியில் புடவைக் கடையில் நிற்பவள். தோழிகளோடு யாழ்ப்பாணக் கடலில் இருக்கும் நெடுந்தீவுக்குப் போகத் திட்டம் போட்டிருந்தாள், ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டார்கள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தவளிடம் பாலம்மா, "நான் வர்றேன்" என்றாள்.

"அத்தை, இது திருவிழா இல்ல. முதுகுல பைய மாட்டிக்கிட்டு நடக்கணும்."

"முப்பது வருசமா நான் என்னத்தடி மாட்டிக்கிட்டு நடக்கிறேன்?"

அன்றே ரமேஸுக்குப் போன் போட்டுப் பந்தயம் கட்டினாள். இறங்குதுறையிலிருந்து தீவின் மறுமுனை வரைக்கும் நடந்து திரும்புவாள். நடுவில் ஆட்டோவில் ஏறினால் அவன் தோட்டத்து ஆபீசுக்குப் போய்ப் பேரை வெட்டச் சொல்லலாம்.

பையில் ரொட்டியும் சம்பலும் வைத்தாள். அட்டை கடித்தால் தேய்க்க உப்பும் சவர்க்காரமும் வைத்தாள். நிரோஷா வைத்த பெரிய தண்ணீர்ப் போத்தலை வெளியே எடுத்தாள். "எதுக்கு வெட்டிச் சும? வழியில பீலி இருக்கும்." மலையில் எந்த முடக்கில் திரும்பினாலும் பாறையிலிருந்து பீலியில் தண்ணீர் கொட்டும். அங்கே யாரும் தண்ணீரைச் சுமந்துகொண்டு நடப்பதில்லை.

கண்டியில் பஸ் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்கி, குறிகட்டுவானில் படகு ஏறினார்கள். படகில் பாலம்மா தின்றதையெல்லாம் கக்கினாள். கரையேறியதும் வாயைத் துடைத்துக்கொண்டு, பையின் பட்டிகளில், கூடவே கொண்டுவந்திருந்த கொழுந்துக் கூடைக் கயிற்றைக் கட்டி நெற்றியில் மாட்டினாள். இறங்குதுறையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

"தோள்ல போடுங்க அத்தை, மானம் போகுது."

"என் தலைக்குத்தான் பழக்கம்."

தரை தட்டையாகக் கிடந்தது. கல்வேலிகள், பனைகள், வெயில். ஒரு முடக்கிலும் பீலி இல்லை. நிரோஷாவின் சின்னப் போத்தல் சீக்கிரமே தீர்ந்தது. ஓர் ஆட்டோ பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. நிரோஷா கை காட்டப் போனாள். பாலம்மா அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

ஒரு வீட்டு வாசல் படலையில் நின்று தண்ணீர் கேட்டார்கள். மஞ்சள் சட்டைக்காரி ஒருத்தி வந்தாள்.

"கிணத்துத் தண்ணி உப்புச் சவர், குடிக்கேலாது. பொறுங்கோ, குழாயடியில இருந்து கொண்டந்த கான் தண்ணி தாறன்."

பிளாஸ்டிக் கானைச் சரித்து ஆளுக்கு ஒரு கிளாஸ் வார்த்தாள். பாலம்மா முதல் மிடறை வாயில் வாங்கி, கொப்பளித்து, புளிச்சென்று வேலியோரம் துப்பினாள். பீலியில் அப்படித்தான், வாய் கழுவாமல் யாரும் குடிப்பதில்லை. நிமிர்ந்தபோது அந்தப் பெண் மண்ணில் நனைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாலம்மாவுக்குக் காது சுட்டது. மீதியைக் குடித்தாள். "இன்னும் வேணுமோ?" என்று கேட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்தாள்.

முனைக்கு வந்தபோது முழங்கால் கல்லாகியிருந்தது. முன்னால் கடல். ஏற ஒன்றுமில்லை, இறங்க ஒன்றுமில்லை. நிரோஷா படம் எடுத்து ரமேஸுக்கு அனுப்பினாள்.

"வந்தாச்சு. இனி ஆட்டோ கூப்பிடவா அத்தை?"

"பாதிதானே ஆச்சு."

திரும்பும் வழியில் மஞ்சள் சட்டைக்காரி எதிர்ப்பட்டாள். பொதுக் குழாயில் நிரப்பிய இரண்டு கான்களைச் சைக்கிளில் கட்டித் தள்ளிவந்தாள். பாலம்மா தன் பையை நிரோஷாவிடம் கொடுத்தாள். கயிற்றை அவிழ்த்துக் கையில் எடுத்தாள்.

"ஒண்ணைக் குடுங்க."

"ஐயோ, வேண்டாமக்கா. பாரம்."

"குடுங்கம்மா. ஒங்க தண்ணியத் துப்பிட்டேன்."

கான் முதுகில் ஏறியது. கயிறு நெற்றியில் அழுந்தியது. கொழுந்துக் கூடை போல அது சும்மா இருக்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் உள்ளே தண்ணீர் அசைந்து முதுகைத் தள்ளியது. அதற்கேற்றபடி அடியைக் குறுக்கினாள். போன் அடித்தது. நிரோஷா அவள் காதில் வைத்தாள்.

"படம் பாத்தேன்மா. என்ன, மூச்சு வாங்குது?"

"தண்ணி கொண்டுபோறேன்."

"ட்ரிப்பு போன எடத்துலயுமா? காலு வலிக்கலையா?"

"வலிக்குது" என்றாள் பாலம்மா. "ஆபீசுக்கு நீ போக வேணாம். திங்கக்கெழம காலையில வேல பிரிக்கிற பெரட்டுல நிப்பேன். போன வையி, வழி பாத்து நடக்கணும்."